மூன்று லட்சம் வருடத்தை அளப்பது எப்படி? – செஞ்சிக் கல்லும் கல்பாக்கம் கழிவும்

செஞ்சிக் கோட்டைக்கு என்ன வயசு என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "எண்ணூறு வருஷம்" என்பார்கள். ஆனந்தக் கோன் ராஜகிரி மலை மேல் முதல் கோட்டையைக் கட்டியது கி.பி. 1200ஐ ஒட்டி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதற்கப்புறம் விஜயநகரத்து நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677ல் சிவாஜி, 1690லிருந்து 1698 வரை வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த மொகலாயப் படை, 1714ல் செத்துப்போன ராஜா தேசிங்கு, 1750ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761ல் ஆங்கிலேயர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியாச்சு. இத்தனை கை மாறியதும் வெறும் எண்ணூறு வருஷத்துக்குள்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஆனந்தக் கோன் காலத்திலேயே கோட்டையின் களஞ்சியத்தில் நெல்லுக்குப் பதிலாக நான்கு கதிரியக்கப் பொருட்களை ஆளுக்கு ஒரு கிலோ வைத்துப் பூட்டியிருந்தால், இன்று திறக்கும்போது என்ன இருக்கும்?

சீசியம்-137: சுமார் 10 மைக்ரோகிராம். ஒரு உப்புக்கல்லைவிடக் குறைவு. ரேடியம்-226: 707 கிராம். டெக்னீசியம்-99: 997 கிராம். அயோடின்-129: ஒரு கிலோவில் 35 மில்லிகிராம் மட்டும் குறைந்திருக்கும். எண்ணூறு வருடம் அதற்கு ஒன்றுமே இல்லை.

இந்தக் கடைசி இரண்டும், அவற்றின் உறவினர்களும்தான் இன்றைய கட்டுரையின் விஷயம். அணு உலையில் எரிந்த எரிபொருளில் இவை எல்லாமே இருக்கின்றன. செஞ்சியிலிருந்து நேர்கோடு போட்டால் கல்பாக்கம் தொண்ணூறு கிலோமீட்டர்கூட வராது. அங்கேயும் இருக்கின்றன. அவற்றின் அரை ஆயுட்காலம் இரண்டு லட்சம் வருடம், ஒன்றரைக் கோடி வருடம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். நாமும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். ஆனால் யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? கதிரியக்கம் என்ற ஒன்று இருப்பதே 1896ல் பெக்கரல் கண்டுபிடித்த பிறகுதான் தெரியும். 130 வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒன்றரைக் கோடி வருடத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

குளத்தை அளப்பது

கோட்டைக்குள் சக்கரக்குளம் இருக்கிறது. அதன் அடியில் எங்கோ சின்ன ஓட்டை, சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகுகிறது என்று வையுங்கள். குளம் பாதியாக எவ்வளவு நாள் ஆகும் என்று கண்டுபிடிக்க, குளம் பாதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ண வேண்டும். குளத்தில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு வகுத்தல். அவ்வளவுதான்.

அணுவிலும் இதே வேலைதான். ஒரு பொருளில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன, வினாடிக்கு எத்தனை சிதைகின்றன என்ற இரண்டு எண்கள் கிடைத்தால் போதும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து 0.693ஆல் பெருக்கினால் அரை ஆயுட்காலம் வந்துவிடும். 1902ல் ரூதர்போர்டும் சாடியும் "ஒரு பொருள் சிதையும் வேகம், மிச்சமிருக்கும் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம்" என்று சொன்னதிலிருந்து பிறந்த சூத்திரம் இது.

முதல் பெரிய சோதனை 1908ல் மான்செஸ்டரில் நடந்தது. ரூதர்போர்டும் ஹான்ஸ் கைகரும் ரேடியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒரு பித்தளைக் குழாய், நடுவில் ஒரு கம்பி, ஒரு ஓரத்தில் குண்டூசித் துளை மாதிரி ஒரு வழி. துகள் ஒன்று உள்ளே நுழைந்தால் மின்மானியின் முள் ஒரு துள்ளு துள்ளும். இருட்டறையில் உட்கார்ந்து அந்தத் துள்ளல்களை எண்ண வேண்டும். நிமிடத்துக்குச் சில துள்ளல்களுக்கு மேல் போனால் எண்ண முடியாது என்பதால், பொருளை நீளமான குழாயின் அந்தக் கோடியில் வைத்து, வருவதில் மிகச் சிறு பங்கை மட்டும் உள்ளே விட்டார்கள். முடிவு: ஒரு கிராம் ரேடியம் வினாடிக்கு 3,400 கோடி ஆல்ஃபா துகள்களை விடுகிறது. இன்றைய கணக்கு 3,660 கோடி. அவர்கள் கணக்கில் ரேடியத்தின் அரை ஆயுள் 1,700 சொச்சம் வருடம். இன்றைக்கு ஏற்றுக்கொண்டது 1,600. கண்ணால் எண்ணி இவ்வளவு கிட்டே வந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். கைகர் எண்ணி என்று நாம் சொல்லும் கருவியின் பூட்டன் இந்தப் பித்தளைக் குழாய்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே, எதையும் எண்ணி வகுத்துவிடலாமே என்று தோன்றும். ரேடியத்துக்குத் தீர்ந்தது. அணுக்கழிவில் இருப்பவை ரேடியம் மாதிரி நல்ல பிள்ளைகள் இல்லை.

சத்தமில்லாதவர்கள்

ஒரு கிராம் சீசியம்-137 வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சத்து 20 ஆயிரம் கோடி முறை சிதைகிறது. ஒரு கிராம் அயோடின்-129 வினாடிக்கு சுமார் 65 லட்சம் முறை. கேட்க 65 லட்சம் பெரிசுதான், ஆனால் சீசியத்தோடு ஒப்பிட்டால் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. நீண்ட ஆயுள் என்றாலே மெதுவான சிதைவு, அதாவது மெல்லிய குரல்.

இதைவிட மோசம், இந்த நீண்ட ஆயுள்காரர்களில் பலர் பீட்டா துகளை மட்டும் விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். காமா கதிர் வந்தால் அதன் ஆற்றலைப் பார்த்து "இது இன்னார்" என்று வெளியிலிருந்தே சொல்லலாம், கைரேகை மாதிரி. சீசியம்-137 என்றால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட், எந்த மாணவனும் காட்டிவிடுவான். செலினியம்-79, டெக்னீசியம்-99, சீசியம்-135 போன்றவற்றுக்கு அந்தக் கைரேகையே கிடையாது. பீட்டாவுக்கு ஒரே ஆற்றல் இல்லை. பூஜ்யத்திலிருந்து ஒரு உச்சம்வரை பரந்து கிடக்கும். இரண்டு மூன்று பீட்டாக்காரர்கள் கலந்துவிட்டால் யார் எவர் என்று பிரிக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னை அணுமின் நிலையம் மாதிரியான கனநீர் உலையில், ஒரு டன் யுரேனியம் எரிந்து வெளியே வரும்போது அதில் ஏழு கிலோ அளவுக்குப் பிளவுப் பொருட்கள் இருக்கும். அதில் டெக்னீசியம்-99 இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. செலினியம்-79 தோராயமாக ஒரே ஒரு கிராம். சீசியம்-137 கால் கிலோ. செலினியத்தில் ஒரு சிதைவு நடக்கும் நேரத்தில் சீசியத்தில் மட்டும் பதினைந்து லட்சம் சிதைவுகளுக்கு மேல் நடந்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கச் சொல்வது போல.

ஆகவே முதலில் வேதியியல். கழிவு அமிலத்தில் கரைந்திருக்கிறது. ஈயச் சுவருக்குப் பின்னால், இயந்திரக் கைகளால் ஒரு துளி எடுத்து, பல மடங்கு நீர்த்து, ஒவ்வொரு தனிமமாகக் கழற்ற வேண்டும். செலினியத்தைத் தனியாக்க வேண்டுமென்றால் சீசியம் கோடியில் ஒரு பங்குகூடக் கூட வரக்கூடாது. அப்புறம் அதை ஒளிரும் திரவத்தில் கலந்து, ஒவ்வொரு பீட்டாவும் உண்டாக்கும் மின்மினி வெளிச்சத்தை ஒளிக்குழாய்களால் எண்ண வேண்டும். இது சொட்டை எண்ணும் பாதி.

குளத்தை அளக்கும் பாதிக்கு நிறைமாலைமானி. அணுக்களை மின்னேற்றி, காந்தப்புலத்தில் வளைத்து, எடையைப் பார்த்து எண்ணும் கருவி. அது 79 என்ற எடையைத்தான் பார்க்கும், பெயரைப் பார்க்காது. சாதாரண புரோமினில் பாதிக்கு எடை 79. ஆய்வகத்து அமிலத்தில் துளியூண்டு புரோமின் இருந்தாலும் செலினியம் என்று எண்ணிவிடும். கருவிக்குள் பிளாஸ்மாவுக்கு ஆர்கான் வாயு விடுகிறார்கள். ஆர்கான் 40, பொட்டாசியம் 39, இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 79. பொட்டாசியம் எங்கிருந்து வரும்? நம் வியர்வையில்கூட இருக்கிறது! டெக்னீசியம்-99க்கு ருத்தேனியம்-99 எதிரி, சீசியம்-135க்கு பேரியம்-135, அயோடின்-129க்கு செனான்-129. ஒவ்வொருவருக்கும் ஒரு இரட்டைப் பிறவி.

செலினியத்தின் ஜாதகம்

இந்தக் கஷ்டமெல்லாம் வெறும் ஆய்வகக் கதை என்று நினைத்தால் செலினியம்-79ன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1949ல் அமெரிக்காவில் செய்த ஒரு மதிப்பீடு, அதன் அரை ஆயுள் 65,000 வருடத்துக்கு மேல் இருக்காது என்றது. மேல் வரம்பு என்றுதான் சொன்னார்கள். ஆனால் அட்டவணையில் ஏறியபின் வரம்பு என்பதை எல்லோரும் மறந்துவிட்டு 65,000 என்றே எழுத ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய நாற்பத்தைந்து வருடம் இந்த எண் உலகம் முழுக்க ஓடியது. பாடப்புத்தகம், கையேடு, கழிவைப் புதைக்கும் திட்டங்களின் பாதுகாப்புக் கணக்கு, எல்லாவற்றிலும்.

1990களில் சீனாவில் மறுபடி அளக்க ஆரம்பித்தார்கள். முதலில் நான்கு லட்சத்து எண்பதாயிரம் என்று ஒரு எண் வந்தது. 1997ல் பெய்ஜிங் குழு ஒன்று 11 லட்சம் வருடம் என்றது. பழைய எண்ணைப்போல் பதினேழு மடங்கு! பிறகு 2000த்தை ஒட்டி அங்கேயே செய்த அளவீடுகள் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கின. 2007ல் பிரான்ஸில் 3 லட்சத்து 77 ஆயிரம். 2010ல் ஜெர்மனியில் மிகவும் சுத்தமான செலினியத்தைப் பிரித்தெடுத்து அளந்து 3 லட்சத்து 27 ஆயிரம் என்றார்கள், பிழை வரம்பு எட்டாயிரம். இப்போது பொதுவாக எடுத்துக்கொள்வது இதைத்தான்.

65,000 எங்கே, 3,27,000 எங்கே. ஐந்து மடங்கு. இதனால் என்ன ஆகும்? ஒரு டன் எரிபொருளில் எத்தனை செலினியம்-79 அணுக்கள் உண்டாகின்றன என்பது பிளவுக் கணக்கிலிருந்து தெரியும், அது மாறாது. அரை ஆயுள் ஐந்து மடங்கு என்றால் வினாடிக்குச் சிதைவது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது இன்றைய ஆபத்து நாம் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் அது நீடிக்கும் காலம் ஐந்து மடங்கு அதிகம். ஐரோப்பாவில் களிமண் பாறைக்குள் புதைக்கும் திட்டங்களில் செலினியம்-79 முன்வரிசைப் பெயர், ஏனென்றால் அது சில வேதிநிலைகளில் களிமண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீரோடு நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு பொருளின் அடிப்படை எண்ணே அரை நூற்றாண்டு தப்பாக இருந்திருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. அளப்பது கஷ்டம், அளக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தகரத்தின் 126க்கும் இதே கதை: ஒரு லட்சம் என்று இருந்தது, இன்று இரண்டு லட்சத்துக்கு மேல்.

கல்பாக்கம், 21 ஜனவரி 2003

நம்ம பக்கத்துக்கு வருவோம். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி மையம் 1971ல் தொடங்கியது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983ல் இயங்கத் தொடங்கியது. அதிவேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபரில். அதே வருடக் கடைசியில்தான் மையத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். இந்தியாவின் கொள்கை, எரிந்த எரிபொருளை அப்படியே புதைக்காமல், நைட்ரிக் அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் திரும்ப எடுப்பது. 1964லேயே திராம்பேயில் ஆரம்பித்த வேலை இது. கல்பாக்கம் மறுசுழற்சி ஆலை 1998ல் வந்தது. பிரித்தெடுத்தபின் மிஞ்சும் அமிலக் கரைசல்தான் உயர்நிலைக் கழிவு. நான் மேலே சொன்ன எல்லாப் பெயர்களும் அதற்குள் நீந்துகின்றன. எஃகுத் தொட்டிகளில் சில காலம் ஆற வைத்து, பிறகு கண்ணாடியோடு சேர்த்து உருக்கிக் கட்டியாக்குவார்கள்.

எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மாதிரி எடுத்துத்தான். 2003 ஜனவரி 21 அன்று அந்தத் தொட்டி வளாகத்தில் அப்படி ஒரு மாதிரி எடுக்கப் போனார்கள். தாழ்நிலைக் கழிவு, அதாவது அதிகம் பயப்படத் தேவையில்லாதது. ஆனால் உயர்நிலைத் தொட்டிக்கும் அதற்கும் இடையிலிருந்த ஒரு வால்வு பழுதாகி, வீரியமான கரைசல் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. அந்த இடத்தில் எச்சரிக்க ஒரு கதிர்வீச்சு மானி இல்லை. வால்வு பழுது என்று காட்டும் ஏற்பாடும் இல்லை. எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளாகிவிட்டார்கள். அளவு 280லிருந்து 420 மில்லிசீவர்ட் என்று சொல்லப்பட்டது. இந்தியாவில் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஒரு வருடத்துக்கு அனுமதித்த உச்சம் 30. அதாவது ஒன்பதிலிருந்து பதினான்கு வருடப் பங்கு ஒரே நாளில்.

செய்தி வெளியே வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. இந்திய அணுசக்தி வரலாற்றில் கதிர்வீச்சு ஏற்ற வகையில் இதுதான் மோசமான விபத்து என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அன்றைய இயக்குநரே ஒத்துக்கொண்டார். இதற்கு மூன்று வருடம் முன்பு, 2000த்தில், அந்த மையத்தின் ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பார்வையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டுக் கணக்கைச் சொந்த வீட்டுக்காரரே தணிக்கை செய்வது போல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு பேரைத் தாக்கியது நீண்ட ஆயுள்காரர்கள் அல்ல, சீசியம்-137 மாதிரி சத்தக்காரர்கள். டெக்னீசியமும் செலினியமும் அதே கரைசலில் அமைதியாக இருந்தன. ஆனால் அந்த அமைதிக்காரர்களை அளக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் முதலில் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு குப்பி மாதிரி எடுத்தாக வேண்டும். அட்டவணையில் ஒரு எண்ணைப் பார்க்கும்போது நான் அந்தக் குப்பியை எடுத்த கையை நினைத்துக்கொள்கிறேன்.

கடல் இறால் சொன்ன சாட்சி

அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்னொரு ஊர் உதாரணம். இங்கிலாந்தின் செல்லாஃபீல்ட் ஆலையில் பழைய கழிவைச் சுத்திகரிக்க 1994ல் ஒரு புதுப் பிரிவு தொடங்கியது. அது புளுட்டோனியத்தைப் பிடித்தது, டெக்னீசியத்தைப் பிடிக்கவில்லை. டெக்னீசியம்-99 ஐரிஷ் கடலுக்குள் போனது. 1995ல் உச்சம். கொஞ்ச நாளில் அந்தக் கடலின் பெரிய இறால்களில் டெக்னீசியம் ஏறியிருப்பது தெரிந்தது. கடல் நீரோட்டத்தோடு நார்வேக் கரைவரை போய்ச் சேர்ந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடனடி ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை, அளவு அவ்வளவு குறைவு. ஆனால் நார்வேக்காரர்கள் விடவில்லை, எங்கள் மீன் வியாபாரம் என்ன ஆவது என்று கேட்டார்கள். 2004லிருந்து ஒரு ரசாயனத்தைச் சேர்த்து டெக்னீசியத்தைப் படிய வைத்துக் கடலுக்குப் போவதை வெகுவாகக் குறைத்தார்கள். கைரேகையில்லாத ஒரு பீட்டாக்காரனை இறால் வாலில் வைத்துப் பிடிக்கத் தெரிந்ததால் நடந்தது இது.

இதற்கெல்லாம் மேலே ஒரு கருவி உண்டு: முடுக்கி நிறைமாலைமானி. 1977ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்தது. அணுக்களை முடுக்கியில் பாய்ச்சி, இரட்டைப் பிறவிகளைப் பிரித்துவிட்டு, சிதைவதற்குக் காத்திராமல் அணுக்களையே ஒவ்வொன்றாக எண்ணும். லட்சம் கோடி அணுக்களில் ஒன்றுகூட அகப்படும். டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையத்தில் இந்த வசதி இருக்கிறது; கார்பன்-14, பெரிலியம்-10 எல்லாம் அளக்கிறார்கள். தொல்லியல் மாணவர்கள் கரித்துண்டை அனுப்பும் இடமும் அதுதான். நம்ம வகுப்பில் வரலாறு படிப்பவர்கள் கவனிக்க :-)

இருநூறு கோடி வருடப் பரீட்சை

அளந்தாகிவிட்டது. எங்கே வைப்பது? மூன்று லட்சம் வருடம் ஒரு பெட்டி தாங்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. இயற்கை ஒரு முறை சோதித்துப் பார்த்திருக்கிறது என்பதுதான் விசேஷம்.

1972ல் பிரான்ஸின் பியர்லாட் ஆலையில் ஒரு வழக்கமான அளவீடு. எந்தச் சுரங்கத்து யுரேனியமானாலும் அதில் யுரேனியம்-235 0.720 சதவீதம் இருக்கும். ஆப்பிரிக்காவின் கேபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்துத் தாதுவில் 0.717 இருந்தது. மூன்றாவது தசமத்தில் ஒரு வித்தியாசம்! வேறு யாராவது என்றால் "கருவிப் பிழை" என்று விட்டிருப்பார்கள். இவர்கள் தோண்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் தெரிந்தது: ஏறக்குறைய இருநூறு கோடி வருடம் முன்பு அந்த மண்ணிலேயே, நிலத்தடி நீரின் உதவியோடு, தானாக அணு உலை ஓடியிருக்கிறது. அன்றைக்கு யுரேனியத்தில் 235ன் பங்கு மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்ததால் அது சாத்தியம். 1956லேயே பால் குரோடா என்ற வேதியியலாளர் இப்படி நடந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

அந்த உலையின் டெக்னீசியம்-99 எப்போதோ சிதைந்து ருத்தேனியம்-99 ஆகிவிட்டது. அந்த ருத்தேனியம் எங்கே அதிகமாகக் கிடக்கிறது என்று அளந்து, டெக்னீசியம் செத்துப்போவதற்கு முன் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். இரட்டைப் பிறவி என்று மேலே திட்டினேனே, அதே ருத்தேனியம் இங்கே சாட்சி! புளுட்டோனியம் பெரும்பாலும் பிறந்த இடத்தைவிட்டு நகரவில்லை. டெக்னீசியம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அயோடின் நிறையத் தப்பிவிட்டது. இன்றைய புதைப்புத் திட்டங்கள் எல்லாம் இந்த விடைத்தாளைப் பார்த்துத்தான் படிக்கின்றன.

இந்தியாவின் முயற்சி கோலார் தங்கவயலில். 1980களில் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், கைவிட்ட ஒரு பகுதியில், கழிவு எதுவும் வைக்காமல் மின்சாரச் சூடேற்றிகளை மட்டும் பாறைக்குள் இறக்கி எட்டு வருடம் கவனித்தார்கள். கண்ணாடிக் கட்டியின் சூட்டில் பாறை விரிசல் விடுமா என்று பார்க்க. (வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கம் அது.) சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கில், அந்த உலையின் கழிவைக் கோலாருக்குக் கொண்டுபோவோம் என்று மத்திய அரசுத் தரப்பில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்போக, கோலாரில் கடையடைப்பு, கர்நாடகம் முழுக்க எதிர்ப்பு. சில நாளில் அப்படி ஒரு திட்டம் இல்லை என்று பின்வாங்கினார்கள். பின்லாந்து மட்டும் ஒன்கலோ என்ற இடத்தில் கருங்கல்லுக்குள் நானூறு மீட்டருக்கும் கீழே குடைந்து, 2024ல் சோதனை ஓட்டம்வரை வந்துவிட்டது. அங்கே உள்ளூர் மக்கள் ஒத்துக்கொண்ட பிறகே தோண்டினார்கள். நம் ஊரில் கேட்காமலே சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்றார்கள். பாறையின் தரத்தைவிட இதுதான் பெரிய வித்தியாசம் என்பது என் கட்சி.

கருங்கல் என்றதும் நம்ம மலைக்கு வந்துவிடுகிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றும் நிற்கும் இந்தப் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி வருடம். அதைச் சொல்வதும் இதே மெதுவான அணுக்கள்தான்: பாறைக்குள்ளிருக்கும் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று நிறைமாலைமானியில் எண்ணி வகுப்பது. கருங்கல்லில் பொட்டாசியமும் உண்டு, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள் 125 கோடி வருடம். அதாவது இந்தப் பாறை உறைந்த நாளிலிருந்து சரியாக இரண்டு அரை ஆயுள் ஓடியிருக்கிறது. அன்று இருந்ததில் கால் பங்கு பொட்டாசியம்-40 இன்னும் மலைக்குள் மிச்சம். கல்யாண மஹாலுக்குப் பின்னால் வெயிலில் சூடான பாறையில் சாய்ந்து உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் அது சிதைந்துகொண்டுதான் இருக்கிறது.